தோல்தாளில் இட்ட கோடுகள்

பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது எமது தொழில். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கோத்த காலத்தில் அதனைக் கற்றோம்; இன்று கணினித் திரையில் செய்து வருகின்றோம். திருமண அழைப்பிதழ், பங்குத் திருவிழா மலர், புதுநன்மை நினைவு அட்டை, கல்லறைக் கல்லுக்குரிய வாசகம் என எம் மேசைக்கு வாராதது குறைவு. வருகின்றவர்களுள் சிலர் அவ்வப்போது ஒரு வேண்டுகோளை முன்வைப்பர்: "அந்தக் காலத்து மேல்நாட்டுக் கோயில் மாதிரி இருக்கணும்." அவர்கள் மனத்தில் இருப்பது இன்னதென்று எமக்குத் தெரியும். நாற்புறமும் பொன்னிறக் கொடிகள், கூர்முனை வளைவுகள், மூலைக்கொரு வானதூதர், ஈட்டி முனைகளை வரிசையாய் நட்டதுபோன்ற கறுத்த எழுத்து. தமிழ் எழுத்தையே அவ்வாறு கூராக்கித் தரச் சொன்னவர்களும் உண்டு. தந்தால் மணமகனின் பெயரை மணமகளாலும் படிக்க இயலாது.

இடைக்கால ஐரோப்பியரின் வடிவமைப்பு என்பது இதுதானா? கொடியும் பொன்னும் அவர்கள் இட்டவையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றை அவர்கள் கடைசியில் இட்டார்கள். பெரிய நூலகங்கள் பல, தம்மிடமுள்ள பழஞ்சுவடிகளின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றை இரவு நேரங்களில் பெரிதாக்கிப் பார்ப்பது பல ஆண்டுகளாக எமக்கு வழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்க, கொடிகளினின்று எம் கண் விலகி, அவற்றுக்கு அடியில் மங்கலாய்த் தெரியும் கோடுகளில் நிலைகொண்டது.

அக்காலத்தில் எழுதுபவர் இறகை மையில் தோய்க்குமுன் செய்யவேண்டிய வேலை மிகுதி. கன்றின் அல்லது ஆட்டின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்த கத்தியால் சுரண்டி மெல்லியதாக்குவர். பின்னர் அதனை அளவாக வெட்டி மடித்து, பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஓரங்களில் கூரிய ஊசியால் வரிசையாகத் துளையிடுவர். ஒரு துளையினின்று எதிர்த் துளைக்கு மழுங்கிய முனையால் கோடு கீறுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் ஈயக்கோலாலும், பின்னாளில் மையாலும் கோடிட்டனர். அடுக்கித் துளையிட்டமையால் எல்லாத் தாள்களிலும் வரிகள் ஒரே இடத்தில் அமைந்தன. கணினியில் நாம் இன்று மாஸ்டர் பேஜ் என்று அமைத்துக்கொள்வது வேறொன்றுமன்று.

வட இங்கிலாந்தின் கடற்கரையை ஒட்டிய சிறு தீவு லிண்டிஸ்பார்ன். அங்கிருந்த துறவியர் மடத்தில், 700ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உருவானது லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூல். 698 முதல் 721 வரை அங்கு ஆயராயிருந்த ஈட்பிரித் என்பவரே அதனை எழுதினார் என்று, பத்தாம் நூற்றாண்டில் ஆல்டிரட் என்னும் குரு அந்நூலிலேயே குறித்துவைத்தார். ஒவ்வொரு நற்செய்திக்கும் முன்னர் ஒரு பக்கம் முழுவதும், இரத்தினக் கம்பளம் விரித்தாற்போல், பின்னிப் பிணைந்த பறவைகளாலும் முடிச்சுகளாலும் நிறைந்திருக்கும். ஒரு பறவையின் கழுத்து மற்றொன்றின் காலாகி, அதுவே மூன்றாவதன் வாலைச் சுற்றும். ஆயினும் அப்பக்கங்களின் பின்புறத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது வட்டக்கருவியின் முனை குத்திய தடங்களையும், கட்டங்கட்டமாய் இட்ட கோடுகளையுமே. அத்தனை பறவைகளும் கட்டத்துக்குள் கட்டுப்பட்டுத்தான் பறக்கின்றன.

இக்கோட்டுப் பற்று சில வேளைகளில் எல்லை கடந்ததும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த வில்லார்ட் தெ ஒன்னெகூர் என்பவரின் வரைபடச் சுவடியில் 33 தாள்கள் எஞ்சி, பாரிசு தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அதில் ஒரு சிங்கத்தை வரைந்து, இது உயிருள்ள சிங்கத்தைப் பார்த்தே வரையப்பட்டது என்று எழுதி உறுதி கூறுகிறார். சிங்கத்தின் முகமோ வட்டக்கருவியால் சுழற்றிய முழுவட்டம்! அவர் பார்த்த சிங்கத்தின்மேல் எமக்கு இன்றளவும் இரக்கம் உண்டு.

இவற்றினும் பெரிய புதுமை ஒன்றனை அக்காலத்தார் செய்தனர். அதற்குப் பொன்னும் வண்ணமும் வேண்டியிருக்கவில்லை, வெற்றிடமே போதுமானதாயிருந்தது. பழைய உரோமையர் இலத்தீன் மொழியைச் சொற்களுக்கிடையே இடம் விடாமல் தொடர்ச்சியாக எழுதினர். எம் முன்னோரின் ஓலைச்சுவடிகளும் அவ்வாறே அமைந்தவை. அயர்லாந்துத் துறவியருக்கோ இலத்தீன் தாய்மொழியன்று. ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைக் காது அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. எனவே ஏழாம் நூற்றாண்டளவில் அவர்கள் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம்விட்டு எழுதலாயினர். தடுமாறி வாசிப்பவனுக்காகச் செய்த ஏற்பாடு, நன்கு வாசிப்பவனுக்கும் நன்மையாய் முடிந்தது. பிரான்சின் தூர் நகரில் 796 முதல் 804 வரை மடத்தலைவராயிருந்த அல்குயினும் அவருக்குப் பின் வந்தவர்களும், தலைப்புக்கு ஒரு வகை எழுத்து, முதல் வரிகளுக்கு மற்றொரு வகை, தொடர்ந்து வருவதற்குத் தெளிவான சிற்றெழுத்து என்று படிவரிசையை ஒழுங்குபடுத்தினர். அங்கு எழுதப்பட்ட முழு விவிலியம் ஒன்றுக்கு 400க்கு மேற்பட்ட தாள்கள் தேவை. அதற்கு 200க்கு மேற்பட்ட ஆடுகளின் தோல் வேண்டும். ஆயினும் அவர்கள் இடத்தை மிச்சப்படுத்த எழுத்துகளை நெருக்கவில்லை. காகிதச் செலவைக் காட்டி ஓரத்தைக் குறைக்கச் சொல்லும் அன்பர்களிடம் நாம் இந்த ஆடுகளின் கணக்கைச் சொல்வதுண்டு.

எம் தொழிலுக்கு மிகவும் நெருங்கியதாய் நாம் கருதுவது பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரிசில் நடந்த ஒரு மாற்றம். அக்காலத்தில் விவிலியத்தை விளக்கவுரையோடு கற்பிப்பதற்கான நூல்கள் பெருகின. பக்கத்தின் நடுவில் திருநூலின் வாசகம் பெரிய எழுத்தில். இருபுறமும் திருச்சபைத் தந்தையரின் விளக்கங்கள் சிறிய எழுத்தில். வாசகம் குறைவாயிருக்கும் இடத்தில் விளக்கம் நீளும்; சில பக்கங்களில் விளக்கமே இராது. தொடக்கத்தில் நடுப்பத்திக்குத் தனிக்கோடும் ஓரப்பத்திகளுக்குத் தனிக்கோடும் இட்டனர். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாய்க் கணக்கிட வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று இசையாமல் பக்கம் அலைபாய்ந்தது. 1160களையொட்டி யாரோ ஒருவருக்கு எளியதொரு வழி தோன்றியது. பக்கம் முழுவதற்கும் குறுக்கே ஒரே வரிசையாய் நெருக்கமான கோடுகளை இடுவது. விளக்கத்தை ஒவ்வொரு கோட்டிலும் எழுதுவது. திருநூலின் வாசகத்தை ஒன்றுவிட்டு ஒரு கோட்டில், இருமடங்கு இடத்தில் எழுதுவது. அவ்வளவே. இனிப் பத்திகளின் அகலம் எவ்வாறு மாறினும், வாசகத்தின் ஒவ்வொரு வரியும் விளக்கத்தின் ஏதேனும் ஒரு வரியோடு நேராக நிற்கும். பெரியதும் சிறியதும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டன.

சுவிட்சர்லாந்தின் யோசப் முல்லர்-பிராக்மன் என்னும் வடிவமைப்பாளர் பக்கக் கட்டங்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூலை 1981-இல் வெளியிட்டார். எம் தலைமுறையினர் பலருக்கு அது பாடநூல். தலைப்பும் செய்தியும் படக்குறிப்பும் ஒரே அடிக்கோட்டு வரிசையில் நிற்கவேண்டும் என்பதனை அதில் கற்றபோது, இது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்றே எண்ணத் தோன்றும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஈயக்கோலைப் பிடித்திருந்த, பெயர் தெரியாத அந்தப் பாரிசுக்காரர் அதைக் கேட்டால் சிரித்திருப்பார். அவர் துறவியாய் இருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. கூலிக்கு எழுதும் இல்லறத்தாரும் அந்நகரில் அக்காலத்திலேயே மிகுந்திருந்தனர்.

சிவப்பு மையைப் பற்றியும் சொல்லவேண்டும். திருப்பலி நூலில் குரு வாய்விட்டுச் சொல்லவேண்டியவை கறுப்பிலும், அவர் செய்யவேண்டியவை சிவப்பிலும் அச்சிடப்பட்டிருப்பதைப் பீடச் சிறுவராயிருந்தோர் அறிவர். செம்மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அக்குறிப்புகளுக்குப் பெயர் வந்தது. நாட்காட்டியில் பெருவிழாக்களைச் சிவப்பில் குறிக்கும் வழக்கமும் அச்சுவடிகளினின்று வந்ததே. ஈயச் செந்தூரத்துக்கு மினியம் என்று பெயர். அதனால் எழுதுவதைக் குறித்த சொல்லிலிருந்தே மினியேச்சர் என்னும் சொல் பிறந்தது. சிறியது என்னும் பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. எம் மேசையில் இன்று கோடி வண்ணங்கள் காசின்றிக் கிடைக்கின்றன. ஆகவே ஒரு துண்டறிக்கையில் ஏழு வண்ணங்களைக் காண்கிறோம், அவற்றுள் ஒன்றேனும் எதனையும் சொல்வதில்லை. அவர்களிடம் பல வண்ணங்கள் இருந்தபோதும் எழுத்தில் சிவப்பு வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இனி, இப்பழமையை நம் காலத்துக்குக் கொண்டுவர முயன்ற இருவரை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருவர் வில்லியம் மாரிஸ். இயந்திர அச்சின் அவலட்சணத்தைக் கண்டு மனம் கொதித்து, 1891-இல் இலண்டனை அடுத்து கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். கையால் செய்த காகிதம், தாமே வரைந்த எழுத்து, பக்கந்தோறும் அடர்ந்த இலைக்கொடிகள். 1896-இல் முடிந்த சாசர் கவிஞரின் தொகுதியில் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள் உள்ளன. காகிதத்தில் 425 படிகள் அச்சாயின. அதன் அழகுக்கு ஒப்பு இல்லை. ஆயினும் அதனை மடியில் வைத்துப் படித்து முடித்தவர் எத்தனை பேர்? அது பார்ப்பதற்குரிய நூல். கொடிகளுக்கு நடுவே சொற்கள் மூச்சு முட்டுகின்றன என்பது எம் கருத்து. எனினும் நூலின் அலகு ஒரு பக்கமன்று, எதிரெதிராய் விரியும் இரு பக்கங்களே என்று அவர் வற்புறுத்தியதை நாம் நாள்தோறும் நினைத்துக்கொள்கின்றோம்.

மற்றவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். மருத்துவப் படிப்பைக் கைவிட்டு இலண்டனுக்கு வந்த இளைஞர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எந்தச் சுவடிகளைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு வழிகாட்டியவர், மாரிசின் செயலராயிருந்த சிட்னி காக்கரெல். ஜான்ஸ்டன் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு திருப்பாடல் சுவடியின் முன் அமர்ந்து, கொடிகளை விட்டுவிட்டு எழுத்தை ஆராய்ந்தார். இறகின் முனை எவ்வளவு அகலம்? அதனை எச்சாய்வில் பிடித்தனர்? எழுத்தின் உயரம் அம்முனையின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு? நான்கு அல்லது நான்கரை மடங்கு என்று கண்டு, தாமே இறகைச் சீவி எழுதிப் பார்த்து, 1906-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் இலண்டன் சுரங்க இரயில் நிறுவனம் தன் நிலையங்களுக்கு ஓர் எழுத்து வேண்டுமென்று அவரையே அணுகியது. 1916-இல் அவர் வரைந்து தந்ததில் கொடி இல்லை, கூர்முனை இல்லை. எழுத்தின் ஓரத்தில் இடும் சிறு காலும் இல்லை. ஓடும் வண்டியிலிருந்து ஒருவன் தான் இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரைக் கண்டுகொள்ள வேண்டும். அதற்கு எது தேவையோ அது மட்டும் இருந்தது. ஒரேயொரு அடையாளம் விட்டுச் சென்றார். சிறிய 'ஐ' எழுத்தின் தலையிலுள்ள புள்ளி வட்டமாயிராமல், சாய்த்துப் பிடித்த அகல முனையை ஒருமுறை வைத்தெடுத்தாற்போல் சாய்சதுரமாய் இருக்கும். 2016-இல் புதுப்பிக்கப்பட்டு, அவ்வெழுத்து அந்நிலையங்களில் இன்றும் வழங்குகிறது. இடைக்காலத்தை அதிகம் கற்றவர் இவ்விருவருள் யார் என்று எம்மைக் கேட்டால், கண்ணுக்கு இடைக்காலமாய்த் தோன்றாததைச் செய்தவரையே காட்டுவோம்.

ஓரங்களைப் பற்றியும் ஒரு செய்தி. பழைய நூல்களில் மேல் ஓரத்தைவிடக் கீழ் ஓரமும், உள் ஓரத்தைவிட வெளி ஓரமும் அகலம். யான் சிகோல்டு என்னும் வடிவமைப்பாளர் 1953-இல், உள், மேல், வெளி, கீழ் ஓரங்களை 2, 3, 4, 6 என்னும் விகிதத்தில் வைத்து, எழுத்துப் பரப்பின் உயரத்தைப் பக்கத்தின் அகலத்துக்குச் சமமாக்கும் முறையை விளக்கினார். எல்லாச் சுவடிகளும் இவ்வளவில் அமைந்தவை அல்ல. அவரவர்க்கு அவரவர் கணக்கு இருந்தது. ஆயினும் கீழே இடம் விடுவது பொதுவழக்கு. அவ்விடம் வீணாய்க் கிடந்ததுமில்லை.

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில், 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு நாழிகைச் செபநூல் இருக்கிறது. அதை எழுதியவர் ஒரு பகுதியை விட்டுவிட்டார். தோல்தாளைக் கிழித்தெறிய இயலாது. விடுபட்டதைக் கீழ் ஓரத்தில் எழுதினர். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒருவன் அதனை உரிய இடத்துக்கு இழுப்பதுபோல் படமும் வரைந்தனர். பிழையை மறைக்க முயலவில்லை. செபிப்பவர் அந்த வாசகத்தை இழந்துவிடாமல் பார்த்துக்கொண்டனர். இதனைப் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள புனித யோவான் மடத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர், முழு விவிலியத்தையும் கையால் எழுதித் தருமாறு டொனால்டு ஜாக்சன் என்னும் எழுத்துக்கலைஞரை 1998-இல் பணித்தனர். 2000ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று முதற்சொல் எழுதப்பட்டது. 2011-இல் பணி நிறைவேறியது. ஏழு தொகுதிகள், 1,100க்கு மேற்பட்ட பக்கங்கள், இரண்டடி உயரக் கன்றுத்தோல், பறவை இறகு, பழைய சீன மைக்கட்டி. ஆனால் எந்த வரி எங்கே முடியவேண்டும் என்பதைக் கணினியில் வைத்துக் கணித்துக்கொண்டனர்! அங்கும் ஒரு வரி விடுபட்டது. அதனைக் கீழ் ஓரத்தில் எழுதி, ஒரு தேனீ கயிறும் கப்பியும் கொண்டு அவ்வரியைத் தூக்கிச் செல்வதாக வரைந்திருக்கின்றனர்.

எம்மைப் பெற்ற தாயார் எம்மோடு வாழ்ந்த கடைசி ஆண்டுகளில், கண்ணழுத்த நோயால் அவர் பார்வை குன்றியது. ஐம்பது ஆண்டுகளாய் வீட்டில் மாலைச் செபத்தை முன்னின்று சொல்லி வந்தவர் அவர். அவர் கையிலிருந்த நவநாள் புத்தகமோ, செபத்தின் அடியில் மெல்லிய நிறத்தில் பேராலயப் படத்தை அச்சிட்டு, நாற்புறமும் பொற்கொடி ஓட்டி வெளியிடப்பட்டது. வரியை விட்டு வரி தாவி, இடம் தெரியாமல் நின்றுவிடுவார். ஒரு மாலை புத்தகத்தை மூடி எம் மகனிடம் கொடுத்து, "இனி நீயே சொல்லப்பா" என்றார். கண் போனதைவிட, அந்தப் பொறுப்பு போனதே அவரை உடைத்தது என்பதை அடுத்தடுத்த நாள்களில் கண்டோம். செபத்தின்போது சுவரைப் பார்த்து அமரலானார்.

அவருக்கென்று பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகம் செய்தோம். பாரிசுக்காரரின் கோடுகளே அடிப்படை. தாயார் சொல்லவேண்டியவை 24 பாயிண்டில், ஒன்றுவிட்டு ஒரு கோட்டில். பிள்ளைகள் சொல்லவேண்டிய மறுமொழி 12 பாயிண்டில், ஒவ்வொரு கோட்டிலும். ஒவ்வொரு செபத்தின் தொடக்கத்துக்கும் ஒரு சிவப்பு எழுத்து, வேறெங்கும் வண்ணமில்லை. மங்கலான, மினுக்கமற்ற தாள். கீழே இரண்டு அங்குல ஓரம். வாங்கிப் புரட்டியவர் எழுத்தின் அளவைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "பெருவிரல் வைக்க எடம் விட்டிருக்க பாரு, அதுதான் நல்லாருக்கு" என்றார். அன்று மாலை அவரே தொடங்கினார்.

மாதா மன்றாட்டு மாலையின் நடுவில் நிறுத்திவிட்டார். பார்வை தடுத்துவிட்டது என்று அஞ்சினோம். அதுவன்று, பொற்கொடிப் புத்தகத்திலேயே ஒரு மன்றாட்டு விடுபட்டிருந்தது. அவர் அதுவரை அவ்விடத்தை மனப்பாடமாய்க் கடந்து வந்திருக்கிறார். தெளிவாய்த் தெரியும் எழுத்தைப் பார்த்துப் படித்த அன்றுதான் அது இல்லாததைக் கண்டார். வேறு தாள் அச்சடித்துத் தருகிறோம் என்றோம். "எதுக்கு, கீழதான் இவ்வளவு எடம் இருக்கே" என்றார். அவ்வரியைக் கீழ் ஓரத்தில் கையால் எழுதினோம். கயிறு இழுப்பவன் கதையையும் தேனீயின் கதையையும் கேட்டிருந்த எம் மகன், பென்சிலை எடுத்து ஒரு கட்டெறும்பை வரைந்து, அதன் இடுப்பில் நூல் கட்டி, மறுமுனையை அவ்வரியில் முடிந்துவிட்டான்.

தாயாருக்கு அப்படம் தெரியவில்லை. அது என்ன கறை என்று கேட்டார். எறும்பு என்று பேரன் சொன்னான்.

"எறும்பா? இழுக்கட்டும்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.